ஜன்னியில் சொன்ன சொல் யாருடையது?



நம்மவரிடையே ஒரு பேச்சு நெடுங்காலமாக வழங்கி வருகின்றது. குடிகாரன் வாயிலும் ஜன்னி கண்டவன் வாயிலும் உண்மை வெளிவந்துவிடும் என்பதே அப்பேச்சு. நல்ல நிலையில் மனிதன் தன் நாவைக் கட்டி வைத்திருக்கின்றான். காய்ச்சல் தலைக்கேறியதும் கட்டு அவிழ்ந்து, உள்ளே கிடந்தது வெளியே விழுகின்றது என்று இதற்கு விளக்கமும் கூறுகின்றனர். இது சரியா, தவறா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். இதைப் பற்றி எழுத உமக்கு யாது தகுதி என்று கேட்பீர்களாயின், நான் வைத்தியனுமல்லன், ஆலிமுமல்லன். இந்தப் பேச்சை ஒரு காலத்தில் பாதியளவேனும் நம்பி, அதனால் என் குடும்பத்தில் ஒரு காயத்தை உண்டாக்கியவன். வேறு தகுதி இல்லை.

மர்ஹூம் வாப்பா அவர்கள் நாகூரிலிருந்து புறப்பட்டு, 1949ஆம் ஆண்டு ரஜூலாக் கப்பலில் சிங்கப்பூர் வந்து இறங்கியவர்கள். பல காலம் பிறர் கடையில் நின்று, பின்னர் சொந்தமாகப் பணம் மாற்றும் கடை ஒன்று வைத்தார்கள். என் நானா தம் பதினெட்டாம் வயதிலிருந்து அந்தக் கடையில்தான் இருந்தார். நான் படித்து உத்தியோகத்திற்குப் போய்விட்டேன். வாப்பாவின் முதுமையில் கடையை நடத்தியதும், வீட்டுச் செலவைத் தாங்கியதும், ஊருக்குப் பணம் அனுப்பியதும் எல்லாம் நானாவே.

2013ஆம் ஆண்டு வாப்பாவுக்கு வயது 87. ஒரு நாள் சளி பிடித்து மூக்கொழுகியது. வீட்டில் கிடந்த குளோர்பெனிரமின் மாத்திரையை வேளைக்கொன்றாகக் கொடுத்தோம். இரண்டு நாளில் சிறுநீர் சரியாகப் போகவில்லை, மலச்சிக்கலும் இருந்தது. வயோதிகத்தில் இது சகஜம் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு வாப்பா என்னைப் பார்த்து, “ரஜூலா வந்துட்டுதா? மூட்டையெல்லாம் கட்டியாச்சா?” என்று கேட்டார்கள். நாங்கள் சிரித்தோம். அன்றிரவு அவர்கள் உறங்கவில்லை. போர்வையின் ஓரத்தை விரல்களால் பற்றிப் பற்றி விடுத்து, நோட்டு எண்ணுவது போலவே எண்ணிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் அது ஆயுள் முழுதும் பணம் எண்ணிய கையின் பழக்கம் என்றே எண்ணினோம். படுக்கைத் துணியை இப்படிப் பறிப்பது நோயின் அடையாளம் என்று யவன வைத்தியர்கள் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருப்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

மறுநாள் இங்குள்ள ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அடைத்துக்கொண்டிருந்த சிறுநீரைக் குழாய் வைத்து எடுத்தார்கள். அதில் கிருமி இருந்தது, காய்ச்சலும் இருந்தது. வாப்பா குழாயைப் பிடுங்கினார்கள், ஊசியைப் பிடுங்கினார்கள். இரு கைகளையும் கட்டிலோடு துணிப்பட்டையால் கட்டிவைக்கலாமா என்று கேட்டபோது சம்மதம் கொடுத்தவன் நான். மறுநாள் மாலை நானா கஞ்சியோடு வந்தார். அவரைக் கண்டதும் வாப்பா தலையைத் தூக்கி, “இவனை உள்ளே விடாதீங்க. என் கல்லாவுலேர்ந்து எட்டாயிரம் வெள்ளி எடுத்தவன் இவன்தான். களவாணி!” என்று வார்டு முழுதும் கேட்கக் கத்தினார்கள். நானா ஒன்றும் பேசவில்லை. கஞ்சிப் பாத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அதன்பின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதையும் அவர்தான் கட்டினார். ஆனால் வாப்பாவின் கட்டிலருகே வரவில்லை.

நான் என்ன செய்தேன் என்பதைப் பிறகு சொல்கின்றேன்.

முதலில் இந்நோய் யாது என்று பார்ப்போம். நம் பெரியவர்கள் ஜன்னி என்றும், டாக்டர்கள் டெலிரியம் என்றும் சொல்கின்றனர். டெலிரியம் என்ற சொல்லின் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. ஏர், சால் விட்டு விலகி ஓடுதல் என்பது அதன் பொருள். இது அழகிய பெயர் மட்டுமன்று, சரியான பெயருமாகும். மாடு அதே மாடு, கலப்பை அதே கலப்பை, நிலமும் அதே நிலம். நேராகப் பிடித்துச் செல்லும் கை மட்டும் நழுவிவிட்டது. மூளையில் அந்தக் கைக்கு நிகரானது கவனம். எதைப் பார்ப்பது, எதை விடுவது, எது நேற்று, எது இன்று, எது கண்டது, எது கனவு என்று பிரித்து நிறுத்தும் சக்தியே கவனம். இந்நோயில் முதன்முதலாகக் கெடுவது அதுதான். ஆகவேதான் டாக்டர்கள் சோதிக்கும்போது, மாதங்களின் பெயர்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லுமாறு கேட்கின்றனர். நேற்றுவரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர், நவம்பரோடு நின்று, கேள்வி என்னவென்பதையே மறந்துவிடுவார்.

இதை மறதி நோயோடு குழப்பிக்கொள்ளலாகாது. மறதி நோய் மாதக்கணக்கிலும் வருடக்கணக்கிலும் மெல்ல ஊர்ந்து வருவது. ஜன்னியோ சில மணி நேரத்தில், அல்லது இரண்டொரு நாளில் வந்து இறங்குவது. மறதி நோய் உள்ளவருக்கு ஜன்னி எளிதில் வரும் என்பது உண்மை. அப்படி வரும்போது, “அவருக்கு எப்போதுமே இப்படித்தான்” என்று சொல்லி அதைக் கோட்டை விடுவதும் உண்டு. அன்றியும் இது ஏறி இறங்கும் நோய். காலையில் டாக்டர் வரும்போது தெளிவாகப் பேசுவார். இரவில் சுவரில் பூச்சி ஊர்கின்றது என்பார். ஆதலால் “ஆள் பார்த்து நடிக்கிறார்” என்று பழி சுமத்துவோரும் உளர். கத்துகின்றவரையாவது எல்லோரும் கவனிப்பர். கத்தாமல், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, கேட்டால் மெல்ல ஒரு சொல் சொல்லி, சாப்பாட்டை வாயிலேயே வைத்துக்கொண்டு கிடக்கும் பெரியவருக்கும் ஜன்னி இருக்கலாம். வயோதிகரிடம் இந்த அமைதியான வகை மிகுதியாகக் காணப்படுகின்றது. “நல்லாத் தூங்குறாங்க” என்று வீட்டார் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பர்.

காரணம் பெரும்பாலும் தலைக்கு வெளியே இருக்கும். சிறுநீரில் கிருமி, நெஞ்சில் சளி, உடம்பில் நீர் வற்றுதல், உப்புச்சத்தோ சர்க்கரையோ குறைதல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இடுப்பெலும்பு முறிவு, சொல்லத் தெரியாத வலி ஆகியவை ஒரு பக்கம். மற்றொரு பக்கம் நாம் கொடுக்கும் மருந்துகள். தூக்க மாத்திரை, பழைய வகை சளி, அரிப்பு மாத்திரைகள், கடுமையான வலி மருந்துகள் யாவும் முதிய மூளையைக் கலக்க வல்லவை. வாப்பாவுக்கு நாங்கள் கொடுத்தது அத்தகைய மாத்திரைதான். வயதான ஆண்களுக்கு அது சிறுநீரையும் அடைக்கக்கூடியது. அன்பினால் கொடுத்தோம், அதுவே நோய்க்கு வாசலைத் திறந்திருக்கக்கூடும். ஜின் பிடித்தது, கண்ணேறு பட்டது என்று சொல்லித் தண்ணீர் ஓதித் தருவோரும் எங்கள் வீட்டிற்கு வந்தனர். ஓதுவதை நான் தடுக்கவில்லை, தடுக்கவும் மாட்டேன். ஆனால் அந்தக் குவளையோடு ஒரு சிறுநீர்ச் சோதனையும் வேண்டும் என்பதை எவரேனும் எங்களுக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லியிருக்கலாம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஜன்னியில் சொன்ன சொல் உள்ளத்தின் உண்மைதானா?

அப்படித்தான் என்போர் கூறும் காரணம் வலுவற்றதன்று. வாப்பா ஒன்றும் அந்நியமான பொருளைப் பேசவில்லை. கல்லா அவருடையது, வெள்ளி அவருடையது, மகன் அவருடையவர். பிள்ளைகள் ஏமாற்றிவிடுவார்களோ என்ற அச்சம் எந்த வியாபாரிக்குத்தான் ஒரு இரவாவது வராமலிருந்திருக்கும்? ஆகவே உள்ளே இல்லாதது வெளியே வரவில்லை என்று அவர்கள் வாதிடலாம்.

இதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் உள்ளே கிடப்பதெல்லாம் நம்முடைய தீர்ப்பாகிவிடுமா? ஒவ்வொரு மனிதனின் உள்ளத்திலும் நாளொன்றுக்கு நூறு சந்தேகங்கள் தலைகாட்டுகின்றன. அவற்றுள் தொண்ணூற்றொன்பதை அவன் எடுத்துப் பார்த்து, இது தகாது, இது பொய், இது என் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம் என்று தள்ளிவிடுகின்றான். இப்படித் தள்ளுவது வேஷமன்று. இதுவே அந்த மனிதன். வாப்பா நாற்பது வருட காலம் ஒவ்வொரு இரவும் கல்லாச் சாவியை நானாவின் கையில் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்கள். அது அவர்கள் நிறுத்துப் பார்த்துச் செய்த செயல். காய்ச்சலில் கத்தியதோ தராசு உடைந்த பிறகு சிதறியது. நாற்பது வருடத்துச் சாவியை விட்டுவிட்டு, ஒரு மாலையின் கூச்சலை எடுத்து “இதுதான் அவருடைய உண்மை” என்று சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

நம் ஷரீஅத்தும் இந்த வழியையே காட்டுகின்றது. புத்தி சுவாதீனம் இல்லாதபோது செய்த விற்பனையோ கொடையோ வஸிய்யத்தோ செல்லுபடியாவதில்லை. நிய்யத் என்பது புத்தி இருக்கும் இடத்தில்தான் குடியிருக்கும். சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த மனநலத் திறன் சட்டமும், ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டா என்பதை அந்த முடிவைக் கொண்டும் அந்த நேரத்தைக் கொண்டுமே பார்க்க வேண்டும் என்கின்றது. ஆகவே ஜன்னி கண்ட பெரியவரின் விரலைப் பிடித்துக் காகிதத்தில் ஒப்பம் வாங்குவது எவ்வளவு அக்கிரமமோ, ஜன்னி தெளிந்த பின்னும் அவரைச் சித்தம் கெட்டவராக நடத்துவதும் அவ்வளவு அக்கிரமம். லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்னும் அதிகாரப் பத்திரத்தைத் தெளிவுள்ள காலத்திலேயே எழுதி வைத்துவிடுதல் நலம்.

ஆயினும் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. அதே வார்டில், இரவு வேலைக்கு வந்த ஒரு பிலிப்பினோ நர்ஸை வாப்பா “உம்மா” என்று அழைத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு துஆச் செய்தார்கள். அந்தப் பெண் கண் கலங்கிவிட்டார். அதை நாங்கள் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். கசப்பான சொல் நோயுடையது, இனிப்பான சொல் வாப்பாவுடையது என்று பங்கு பிரிப்பது நமக்கு வசதி, நியாயமோ அன்று. நெடுநாள் யோசித்து நான் வந்த முடிவு இதுதான்: இரண்டு சொல்லும் தீர்ப்பல்ல. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருந்த பயம் உண்மை. தெரியாத இடத்தில், தெரியாத முகங்களின் நடுவில், உடைமை போய்விட்டது, தாய் வேண்டும் என்று ஒரு மனிதர் அஞ்சினார். சொல்லை அவர்மேல் ஏற்றுதல் கூடாது. அச்சத்தை இல்லையென்று தள்ளுதலும் கூடாது.

இப்படிக் கொண்டால் பணிவிடை செய்யும் விதமும் மாறிவிடுகின்றது. “ரஜூலா வந்துட்டுதா?” என்றால் என்ன சொல்வது? வந்துவிட்டது என்றால் பொய். “அந்தக் கப்பல் ஓட்டத்தை நிறுத்தியது 1973ல், உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சு” என்றால் அது உண்மைதான். ஆனால் அடிப்பதற்குச் சமம். அந்த நர்ஸ் செய்ததை நான் பார்த்தேன். வாப்பாவின் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டார். காது கேட்கும் கருவியை வைத்தார். எதிரே உட்கார்ந்து, “இது ஆஸ்பத்திரி, நான் நர்ஸ், இவர் உங்கள் மகன், இப்போது இரவு” என்று மெதுவாக மலாயில் சொன்னார். பிறகு கப்பலைப் பற்றிக் கேட்டார். வாப்பா கப்பலின் மேல்தளத்தில் படுத்து வந்த கதையைச் சொல்லிக்கொண்டே உறங்கிவிட்டார்கள். அதில் பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை.

இது வெறும் இரக்கம் என்று எண்ண வேண்டாம், வைத்தியமும் இதுவே. அமெரிக்காவில் ஷேரன் இனோய் என்னும் அம்மையார் 70 வயதும் அதற்கு மேலுமான 852 ஆஸ்பத்திரி நோயாளிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 1999ஆம் ஆண்டு வெளியாயிற்று. வழக்கமான கவனிப்பில் 100க்கு 15 பேருக்கு ஜன்னி கண்டது. நாளையும் இடத்தையும் நினைவூட்டுதல், எழுந்து நடக்கச் செய்தல், தண்ணீர் கொடுத்தல், கண்ணாடியும் காதுக் கருவியும் அணிவித்தல், தூக்க மாத்திரைக்குப் பதில் சூடான பானமும் முதுகு தடவலும் அமைதியும் தருதல் ஆகிய எளிய காரியங்களைச் செய்தபோது அது சுமார் 10 ஆகக் குறைந்தது. அதே அம்மையார் 1996ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உடலைக் கட்டிவைப்பதும், சிறுநீர்க் குழாயும், மூன்றுக்கு மேற்பட்ட புதிய மருந்துகளைச் சேர்ப்பதும் ஜன்னியை வரவழைக்கும் காரணங்களுள் சேர்ந்தவை என்று கண்டார். நம் ஊரிலேயே டான் டொக் செங் மருத்துவமனையில் 2010ஆம் ஆண்டு இந்நோய்க்கென 5 படுக்கைகள் கொண்ட தனிப் பிரிவு தொடங்கினார்கள். மாலையில் பிரகாசமான விளக்கொளி காட்டினார்கள். நோயாளியைக் கட்டுவதில்லை என்பதைக் கொள்கையாகக் கொண்டார்கள். வாப்பா இருந்தது வேறு இடம். உறக்க மருந்தையும் மனக்கலக்க மருந்தையும் கொடுத்து அடக்குவது, தமக்கோ பிறருக்கோ ஆபத்து நேரும் கட்டத்தில் மட்டும், சிறு அளவில் செய்ய வேண்டிய காரியம் என்றே வைத்தியர்கள் கூறுகின்றனர். நோய்க்கு மருந்து அதன் காரணத்தைத் தீர்ப்பதுதான்.

எட்டாம் நாள் வாப்பா தெளிந்தார்கள். “இவர்களுக்கு எதுவும் நினைவிருக்காது” என்று எல்லோரும் சொன்னார்கள். அது தவறு. நியூயார்க்கில் புற்றுநோயாளிகளிடையே நடத்தி 2002ல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், ஜன்னி தெளிந்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் அந்த அனுபவத்தை நினைவில் வைத்திருந்தனர், வேதனையோடு வைத்திருந்தனர். ஒரு மாதம் கழித்து வாப்பா என்னிடம், “அன்னைக்கு என் கையைக் கட்டிப் போட்டது யாரு? கப்பல்லேர்ந்து கடல்ல தூக்கிப் போடப் போறாங்கன்னு நெனச்சேன்” என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று சொன்னேன். என் சம்மதத்தை மறைத்தேன். “பெரியவன் ஏன் முன்ன மாதிரி வந்து உட்காரமாட்டேங்கிறான்?” என்று கேட்டபோது, கடையில் வேலை அதிகம் என்றேன். அப்போதே நடந்ததைச் சொல்லியிருந்தால், பெரிய மகனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள். மனம் நோகும் என்று எண்ணி நாங்களே தடுத்துவிட்டோம். 2015ஆம் ஆண்டு அவர்கள் காரணம் தெரியாமலேயே மௌத்தானார்கள்.

இனி நான் ஒத்திவைத்ததைச் சொல்லிவிடுகின்றேன். வாப்பா கத்திய அந்த வாரத்தில், நானா ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கடைக்குப் போனேன். பையனிடம் ஏதோ சாக்குச் சொல்லிக் கணக்குப் புத்தகத்தை எடுத்து இரண்டு வருடப் பக்கங்களைப் புரட்டினேன். ஒரு காசு குறையவில்லை. பையன் இதை நானாவிடம் சொல்லிவிட்டான். நானா என்னிடம் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வாப்பா காலமான இரண்டாம் வருடம், டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு நானாவிடம் போனேன். அது வாப்பாவின் சொல் அல்ல, நோயின் சொல் என்று ஒரு மணி நேரம் விளக்கினேன். நானா பொறுமையாகக் கேட்டார்.

“வாப்பா சொன்னது நோயின்னு அன்னைக்கே எனக்குத் தெரியும் தம்பி. அதுக்காக நான் வராம இருக்கல. என்னைப் பாத்தா அவங்களுக்கு இன்னும் பதற்றமாகுதுன்னுதான் வெளியிலேயே நின்னேன். அதுக்கப்புறம் வந்து உட்காராம இருந்தது உனக்காக. நீ அந்தப் பக்கத்துல உட்கார்ந்திருப்பே. வாப்பாவுக்குக் காய்ச்சல். நீ கணக்குப் புத்தகத்தைப் புரட்டினப்போ உனக்கு என்ன காய்ச்சல்?” என்றார்.

நான் பேசாதிருந்தேன். சிறிது நேரத்தில் லுஹருக்கு பாங்கு சொன்னார்கள். நானா எழுந்து, தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, “வா, ஜமாஅத்துக்கு நேரமாச்சு” என்றார். இருவரும் நடந்தே போனோம்.